பதினைந்து நாள் லீவு

“கென்யாவுல ஜீப்புல உக்காந்தபடியே யானைக் கூட்டத்தப் பக்கத்துல பாக்கலாமாம். பதினஞ்சு நாள் லீவு போட்டாச்சு!” ஓசூர் ஃபேக்டரி மேனேஜர் அசோக்குமார் போனில் பீற்றிக்கொண்டிருந்தார்.

அவர் முடிக்கட்டும் என்று எதிரே நின்றாள் மாதேஸ்வரி. ஷிப்டுக்கு லேட், இந்த மாதத்தில் மூன்றாவது தடவை.

போனை வைத்தவர் அவளைப் புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தார். “அரை நாள் கட்.”

“சார், வர்ற வழியில...”

“உங்க கதையெல்லாம் யாரு கேட்டா? காரணத்த எழுதிக் குடுத்துட்டுப் போ.”

எழுதிக் கொடுத்தாள்: ‘சானமாவு ரோட்டில் யானைக் கூட்டம். பஸ் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது.’

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“குட்டிகூட இருந்துச்சுங்க சார். கென்யாவுல குட்டி காட்டுவாங்களான்னு கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. உங்களுக்குப் பதினஞ்சு நாளு போவுது. எனக்கு அரை நாள்தான் போச்சு.”