கண்டிப்பாகச் சாயம் போகும்

"விளம்பரத்துல ஒண்ணு போடுவீங்க, வீட்டுக்கு வேற ஒண்ணு அனுப்புவீங்களா?"

தி.நகரில் சுயம்புலிங்கத்தின் ஜவுளிக்கடை. கல்லாவுக்கு எதிரே நின்று செல்போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார் ஸ்வர்ணலதா. சேலை எடுக்க வந்த கூட்டம் சேலையை விட்டுவிட்டுச் சண்டையைப் பார்க்க ஆரம்பித்தது.

"விடாதீங்க, நல்லா கேளுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வேறு.

சுயம்புலிங்கம் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். தீபாவளி நெருங்குகிற நேரம். இந்த வீடியோ மட்டும் ஊரெல்லாம் சுற்றினால், கடையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

"ஏலே ஆனந்து, எந்தச் சேலைன்னு பாருலே."

மகன் ஆனந்தகுமார் கம்ப்யூட்டரைத் தட்டினான். "ஆடி மாச ஆன்லைன் ஆர்டர்ப்பா. கிளிப்பச்சை, பூப்போட்டது. கே.கே. நகர் டெலிவரி."

"சேலையக் கொண்டாந்திருக்கீங்களாம்மா?"

"கொண்டு வர்ற நிலைமையிலயா சார் நான் இருக்கேன்? கோபாலபுரத்துலேர்ந்து இந்த வெயில்ல வந்து கத்திக்கிட்டிருக்கேன்."

கிளிப்பச்சை என்று கேட்டதும் சுயம்புலிங்கத்துக்குப் பாதி உயிர் திரும்பியது. அது அவரே எழுதிய விளம்பரம். முன்பு ஒரு தடவை 'சாயம் போகாது, கேரண்டி' என்று மகன் அளந்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். அதன்பிறகு, "உள்ளத உள்ளபடி போடுலே" என்று பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல ஏற்றியது: 'இந்தச் சேலை முதல் துவைப்பிலேயே கண்டிப்பாகச் சாயம் போகும். கூட ஊறும் துணியும் பச்சையாகும்.'

உண்மைக்கு இவ்வளவு மவுசா என்று அவரே அசந்துபோகும்படி ஆர்டர் குவிந்தது. பாதிப் பேர் பரிசுத்தாள் சுற்றி வேறு விலாசத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். சென்னையில் இத்தனை தாராள மனசுக்காரர்களா என்று மெச்சிக்கொண்டார் சுயம்புலிங்கம்.

இருந்த சரக்கு தீர்ந்ததும், சூரத்திலிருந்து அதே பூ, அதே நிறத்தில் புதுக் கட்டு இறங்கியது. நன்றாக ஓடுகிற விளம்பரத்தை மாற்ற மட்டும் அப்பாவுக்கும் மகனுக்கும் மனசு வரவில்லை.

"சாயம் போகும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கோம்லா தாயி. ஒளிச்சு மறைச்சு யாவாரம் பண்ற ஆளா நான்?"

"போட்டிருக்கீங்க. இல்லேன்னு யார் சொன்னா?"

"பெறவு என்ன? சரி, போன இறக்குங்க. துவைச்சாலும் துளி சாயம் போகாத நல்ல சேலையா ஒண்ணு சும்மாவே தாரேன். அதே கே.கே. நகருக்கு நாளைக்கே அனுப்பி வைக்கேன்."

"ஐயோ சாமி, இன்னொண்ணா?"

ஸ்வர்ணலதா பதறிப்போய் ஓரடி பின்வாங்கினார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு வீடியோவை நிறுத்தினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க விளம்பரத்த நம்பித்தான் சார் என் நாத்தனாருக்கு எடுத்துக் குடுத்தேன். அவ துவைச்சுத் துவைச்சுக் கட்டுறா, ஒரு சொட்டு சாயம் போகல."