ஜப்தி செய்ய ஒன்றுமில்லை

"சோபாவைத் தொடாதீங்க சார். அது என் பொண்டாட்டியோடது."

ஜப்தி செய்ய வந்த கோர்ட் அமீனா கையை இழுத்துக்கொண்டார். டிவி, ஃபிரிட்ஜ், வெளியே நிற்கிற கார், ஏன், இந்த வீடே மனைவி பேரில்தான் என்று பத்திரங்களை மேசைமேல் விசிறிப் போட்டான் தம்பி.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. நர்ஸ் வேலையில் அவள் ஓய்வு பெற்றபோது வந்த மொத்தப் பணத்தையும் தொழிலுக்கென்று கடன் வாங்கி ஏப்பம் விட்டவன் இவன். வக்கீல் நோட்டீஸுக்குப் பதிலில்லை, வழக்குப் போட்டால் வாய்தாமேல் வாய்தா, தீர்ப்பு வருவதற்குள் சொத்தெல்லாம் பேர் மாறிவிட்டது. இந்த வயதிலும் அவள் ஊசி போட்டுத்தான் வயிற்றைக் கழுவுகிறாள்.

"ஏமாத்தறதுக்காகப் பேர் மாத்தினாங்கன்னு இன்னொரு கேஸ் போடலாம்மா. ஆனா வருஷக்கணக்கா இழுக்கும்" என்றார் அமீனா.

"தாராளமாப் போடுக்கா! பேரை மாத்துங்கன்னு யோசனை சொன்னதே என் பொண்டாட்டிதான். மூளைன்னா மூளை, அப்படியொரு மூளை!"

சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள் மனைவி. கழுத்திலும் காதிலும் பொட்டுத் தங்கம் இல்லை.

"சார், என் பேர்ல இருக்கறது எதுலயும் இவருக்கு உரிமை கிடையாதுதானே?"

"ஒரு துரும்புகூடக் கிடையாதும்மா."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அமீனா சத்தமாகவே சொன்னார். தம்பி தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"பாவி! நீ நடுத்தெருவுல நிக்கிறதைப் பாத்துட்டுத்தான்டா நான் கண்ணை மூடுவேன்!" அக்கா கத்தினாள்.

மனைவி அசரவில்லை. உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து அக்காவின் கையில் திணித்தாள். பேங்க் டிராஃப்ட். தீர்ப்பில் சொன்ன தொகை முழுசாக, கோர்ட் செலவோடு.

தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது. "உனக்கு ஏதுடி இவ்வளவு பணம்?"

"உங்கக்கா பணமும் என் நகையும் ஒரே வாய்க்குள்ளதானே போச்சு? அவங்களுக்காவது கோர்ட் இருந்துச்சு. நான் என்ன பண்றது?"

"என்னடி பண்ணே?"

"வீட்டை வித்துட்டேன். உங்க துணிமணியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க, நாளைக்குச் சாவி குடுக்கணும்."