சொட்டு வராத கன்னம்

வேல் வசந்தகுமாரின் வலது கன்னத்தில் ஏறி இடது கன்னத்தில் வெளியே வந்தது. கூடவே ரத்தமும் வந்தது.

பூசாரி திருநீற்றை அள்ளி அப்பினார். ரத்தம் அதையும் கரைத்துக்கொண்டு தாடை வழியாக மார்புக்கு இறங்கியது.

பம்பைக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

பொன்னியம்மனுக்கு ஆடியில் அலகு குத்துகிற அந்த ஊரில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். விரதம் சுத்தமாக இருந்தவனுக்கு ரத்தம் வராது. வந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. அப்புறம் அந்த வீட்டுக்கு முதல் வேல் குத்திக்கொள்ளும் உரிமை கிடையாது, ஊருக்குள் முகமும் கிடையாது. மூன்று தலைமுறையாக முதல் வேல் வசந்தகுமார் வீட்டுக்குத்தான்.

அடுத்து குத்திக்கொள்ள நின்றிருந்த முனிரத்தினத்துக்கு வாயெல்லாம் பல். முதல் வேல் இனி அவனுக்குத்தான்.

"இன்னாடா வசந்தா, கவிச்சி துன்னுட்டு வந்துக்கினியா? போன வருசம் உங்கண்ணன் நின்னான் பாரு, ஒரு சொட்டு வந்துச்சா? அவன் ஆம்பள!"

கூட்டம் ஆமாம் போட்டது. போன வருஷம் அண்ணன் குப்புராஜின் கன்னம் காய்ந்தே கிடந்தது உண்மைதான். பெண்கள் போட்ட குலவை சிப்காட் ரோடு வரைக்கும் கேட்டது. அதற்கு நாலாம் நாள் அவன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தபோது, பக்தியில் மயங்கி அம்மனே அவனைக் கூட்டிக்கொண்டாள் என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

வசந்தகுமாரால் பதில் சொல்ல முடியவில்லை. கன்னத்துக்குக் கன்னம் வேல் நிற்கும்போது எவன் வாய் பேசும்?

மாசி மாதம் கம்பி உருட்டும் மில்லில், உலைக்குப் பக்கத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் அவன். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

அலகு குத்தலாமா என்று அவன் கேட்டதும் டாக்டரம்மா வாய்க்கு வந்தபடி திட்டினாள். அப்புறம் மனசு கேட்காமல் உட்காரவைத்துச் சொன்னாள். ரத்தத்தில் இருக்கிற தட்டணுக்கள் காயத்தைக் கண்டால் ஓடி வந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கும். நல்ல குணம்தான். ஆனால் அதுகளுக்கு ஸ்டென்டும் ஒரு காயம்தான். அங்கேயும் கூடி ஒட்டிக்கொண்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், மனுஷன் காலி. தினமும் போடச் சொல்கிற மாத்திரை அதுகளை ஒட்டவிடாது. அதனால் சின்னக் கீறல்கூடச் சட்டென்று நிற்காது. குத்தவே கூடாது, அப்படியும் குத்தித் தொலைத்தால், மாத்திரையை ஒரு நாள்கூட விடாதே.

காலையில் அண்ணி கல்பனா அவனுக்கு முன்னால் இட்லியை வைத்தாள். விரதக்காரன் தொடக் கூடாத இட்லி. தின்றான். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கிக் கையில் கொடுத்தாள். விழுங்கினான். அவள் எதிரிலேயே நின்று, அவன் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள்.

ரத்தம் வரும் என்று தெரிந்தேதான் வந்து கன்னத்தைக் காட்டினான். நன்றாக வரட்டும், எல்லாரும் பார்க்கட்டும்.

பூசாரி அலகை உருவ வந்தார். வசந்தகுமார் அவர் கையைத் தள்ளிவிட்டான். ஓர் எட்டு முன்னால் வைத்து, பம்பைக்காரனைப் பார்த்து, அடி என்று கை காட்டினான்.

பம்பைக்காரன் முனிரத்தினத்தைப் பார்த்தான். அடிக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து கல்பனா வந்தாள். தாலி அறுத்தவள் அலகு குத்துகிற இடத்துக்கு வரக் கூடாது என்பார்கள். வந்தாள். கொழுந்தன் மார்பில் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினாள்.

"எங்க ஊட்டுக்காரு நெஞ்சுலயும் இதே ஸ்டென்ட்தான் மாமா இருந்துச்சு. ரத்தம் வந்தா ஊரு சிரிக்கும்னு அந்த மனுசன் மாத்தர போடாம வந்து நின்னாரு. அதான் சொட்டு வரல. அதான் செத்தாரு. அவர கூட்டிக்கினு போனது அம்மன் இல்ல, நீங்கல்லாம்தான்."

வசந்தகுமாரின் மார்பில் ரத்தம் பாட்டுக்குத் திரும்பவும் இறங்கிக்கொண்டிருந்தது.

முனிரத்தினத்தின் பெண்டாட்டி சின்னப்பொண்ணு கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். வீடு கோயிலுக்கு எதிரில்தான். போன வேகத்தில் திரும்பி வந்தாள். ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, இன்னொரு கையில் வசந்தகுமார் விழுங்கிய அதே மாத்திரை, ஒன்றுகூடப் பிதுக்காத அட்டை.

தை மாதம் ஊரில் இல்லாத நாளெல்லாம் பொதட்டூர்பேட்டையில் மாமியார் வீட்டு விருந்தில் இருந்ததாகத்தான் முனிரத்தினம் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தான்.

"முழுங்குய்யா," என்றாள், அத்தனை பேர் முன்னாலும். "முழுங்கிட்டு அப்பால குத்திக்கோ. உனக்கும் வரட்டும் ரத்தம்."