காளான் யார் தலையில்?

காளான் செடியா, விலங்கா என்ற சண்டை ஆசிரியர் அறையில் மறுபடியும் ஆரம்பித்தபோது தலைமையாசிரியை வாசலில்தான் நின்றிருந்தார். சண்டை மும்முரத்தில் இருவரும் அவரைப் பார்க்கவில்லை.

"இலை கிடையாது, பச்சையம் கிடையாது. வெயில்ல நின்னு சமைக்கத் துப்பு கிடையாது. அடுத்தவங்க சமைச்சதை உக்காந்து சாப்பிடுது. எங்க செடி எதுவும் இப்படி மானங்கெட்டுப் பிழைக்காது டீச்சர்" என்றார் தாவரவியல் எடுப்பவர். பிள்ளைகளுக்கு அவர் 'செடி சார்'.

விலங்கியல் எடுப்பவர் 'நண்டு டீச்சர்'. மேசையில் ஒரு நண்டு ஓட்டை வைத்திருப்பதால் வந்த பெயர்.

"விலங்குன்னா கொஞ்சமாவது அசையணும் சார். இது முளைச்ச இடத்துலயே நிக்குது. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குமா?"

"உங்க நண்டு ஓட்டுல இருக்கிற அதே கைட்டின்தான் காளான் செல்சுவர்லயும் இருக்கு. உங்க சொந்தக்காரங்களை நீங்கதான் பாத்துக்கணும்."

"அப்படிப் பாத்தா நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியும் மரம்தான். அதுக்குத் தினமும் தண்ணி ஊத்துறீங்களா?"

சரியான விடை இருவருக்குமே தெரியும். காளான் செடியும் இல்லை, விலங்கும் இல்லை. உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தவர்கள் பூஞ்சைகளுக்கென்றே ஒன்றை ஒதுக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தின் கால அட்டவணையில்தான் அப்படி ஓர் உலகம் இல்லை. அந்தப் பாடத்தை இருவரில் ஒருவர்தான் எடுத்தாக வேண்டும். போன வருஷம்வரை இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. யாருக்கு நேரம் வாய்த்ததோ அவர் எடுத்தார். இப்போது இருவருக்குமே அது ஆகாத பண்டமாகிவிட்டது.

பூஞ்சை வளர்வதைக் காட்டுவதற்காக ஈர ரொட்டி வைத்த டப்பா காலையில் டீச்சர் மேசையில் இருக்கும். மதியம் பார்த்தால் சார் மேசைக்குப் போயிருக்கும். இந்தப் போக்குவரத்தில் ரொட்டிக்குப் பச்சைத் தாடி முளைத்துவிட்டது. டப்பா இப்போது யாரிடம் என்று பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் பந்தயம் கட்டினார்கள்.

தலைமையாசிரியை தன் அறைக்குத் திரும்பினார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் தாளாளர் தொலைபேசியில் அழைத்திருந்தார். ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்திருக்கும் கிளைப் பள்ளிக்கு ஓர் உயிரியல் ஆசிரியர் வேண்டும். இருவரில் யாருக்குப் பாடவேளை குறைவோ அவரை அனுப்புங்கள், முடிவாகும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார். அந்தப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். விடியும் முன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு.

இருவருக்கும் பாடவேளை இப்போது சரிசமம். பங்கு போடாமல் மிச்சம் இருப்பது காளான் பாடம் ஒன்றுதான். அதை எடுக்கிறவர் இங்கே இருப்பார். தட்டிக்கழிப்பதில் ஜெயிக்கிறவர் பஸ் ஏறுவார்.

கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யச் சோம்பல்பட்டு, தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள இப்படியா போட்டி போடுவார்கள்? நினைக்க நினைக்க அவருக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் முடிவைச் சொல்லியாக வேண்டும். அன்று சாயங்காலமே டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்துத் தெருக் காப்பகத்திலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு போகிறவள். அவளையாவது காப்பாற்றலாம் என்று தோன்றியது.

காளான் பாடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், ஏன் எதற்கு என்று கேட்காதீர்கள் என்றார். டீச்சர் அசையவில்லை. விலங்கியலே தலைக்கு மேல் இருக்கிறது, குழந்தை ராத்திரியெல்லாம் தூங்கவிடுவதில்லை என்று அடுக்கினாள்.

தலைமையாசிரியைக்குப் பொறுமை போய்விட்டது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார். கிளைப் பள்ளி, இரண்டு பஸ், குறைந்த பாடவேளை, எல்லாவற்றையும்.

டீச்சர் கொஞ்சம்கூட அதிரவில்லை.

"தெரியும் மேடம்."

"தெரியுமா? எப்படி?"

"அன்னைக்கு நீங்க ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினீங்க. நடுவுல இருக்கிறது வெறும் பலகைத் தடுப்புதானே. ஆசிரியர் அறையில எல்லாம் கேட்டுச்சு."

"தெரிஞ்சுமா வேண்டாங்கறே?"

டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். செடி சாரின் அப்பா படுத்த படுக்கையாக இருப்பதைச் சொன்னாள். மதிய இடைவேளையில் சார் வீட்டுக்கு ஓடுவது அவருக்குச் சோறு ஊட்டத்தான். வேறு யார் ஊட்டினாலும் கிழவர் வாயைத் திறப்பதில்லை.

"நான் எப்படியாவது சமாளிச்சுக்குவேன் மேடம். எங்க அம்மா வந்து குழந்தையைப் பாத்துக்குவாங்க. அவருக்கு யார் இருக்கா? ஆனா இதை அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"அவருக்கு ஒண்ணும் தெரியாதா?"

"நல்லவேளை, அன்னைக்கு நீங்க பேசும்போது மேசையில தலை சாய்ச்சுத் தூங்கிட்டிருந்தார். கேட்டிருந்தா, அடம்பிடிச்சு அந்தக் காளானை என் தலையில கட்டிட்டுத்தான் மறுவேலை பாப்பார்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"ஏம்மா, ஒரு வாரமா அவர் வேற என்ன பண்ணிட்டிருக்கார்?"