செருப்பு பார்த்த ஊர்

ஊர் சுற்றித் திரும்பிய கேமரா, வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துச் சிரித்தது. "மலை, அருவி, கோபுரம் எல்லாம் என்கிட்ட இருக்கு. பாவம், நீ போன இடமெல்லாம் வெளியிலேயே கிடந்தே."

"வாஸ்தவம்தான். அந்தக் கடற்கரை ஊர்ல நம்ம ஆள் ஒரு வீட்டுல சாப்பிடும்போது மழை பிடிச்சுதே, ஞாபகம் இருக்கா?"

"ஜன்னல் வழியா அந்த மழையை எவ்வளவு அழகா எடுத்தேன்!"

"அப்போ மீன்கூடையோட தெருவுல போன ஒரு அம்மா, நனைஞ்சுக்கிட்டே நின்னு, என்னைக் கையால எடுத்து கூரை இறவாரத்துக்கு அடியில வெச்சுட்டுப் போனாங்க."

"கையாலயா? யார் செருப்புன்னே தெரியாம? காலால தள்ளியிருக்கலாமே!"

"தள்ளலை."

கேமரா தன் படங்களையெல்லாம் ஒருமுறை தேடிப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டது: "அவங்க முகம் எப்படி இருந்துச்சு?"

"பார்க்கலை. மீன் வாசம் மட்டும் இன்னும் என் வாருல இருக்கு."