சாம்பியன் டீம் கூப்பிட்டது

“மூச்சை உள்ள இழுக்காதீங்க. இருக்கிற வயிறுதானே இருக்கும்?” என்றபடி இஞ்ச் டேப்பை இறுக்கினாள் மனைவி.

“ரேஸ் உடுப்பு உடம்போட ஒட்டித்தான் இருக்கணும். நீ அளவை மட்டும் சொல்லு” என்றார் பெரியப்பா.

நாற்பத்து நாலு வயதில் இன்னும் ரேஸ் கார் ஓட்டிக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அவர்தான். கூட ஓட்டுகிற பொடியன்கள் ஹெல்மெட்டைக் கழற்றியதும், “என்ன பெரியப்பா, சௌக்கியமா?” என்பார்கள். அதுவே பெயராக நின்றுவிட்டது.

ஓட்டத் தெரியாதவர் இல்லை. மழையில் அவர் ஓட்டுவதைப் பார்க்கவென்றே ஒரு கூட்டம் வரும். ஆனால் இந்த வருஷம் அவருக்கு வாய்த்தது இருக்கிறதே, அதை வண்டி என்று சொன்னால் மற்ற வண்டிகள் கோபித்துக்கொள்ளும். பதினெட்டு ரேஸில் அவர் தொட்ட உச்சம் பதினாறாவது இடம். அதுவும் முன்னால் போன நாலு பேர் ஒருத்தர்மேல் ஒருத்தர் மோதிக்கொண்டு நின்றதால் கிடைத்தது.

முன்னணியில் போகிறவர்கள் ஒரு சுற்றைக் கூடுதலாகவே முடித்துவிட்டு, மறுபடியும் அவர் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுவார்கள். உடனே ஓரத்தில் நீலக் கொடியை ஆட்டுவார்கள். ஆட்டினால் ஒதுங்கிவிட வேண்டும், அது சட்டம். ரேஸுக்கு ஏழெட்டுத் தடவை அதைப் பார்த்துப் பார்த்து, மனைவி ஆசையாக வாங்கிவந்த நீலத் திரைச்சீலையைக்கூட அவர் மாட்ட விடவில்லை.

போன வாரம் முதலாளி கூப்பிட்டு, “அடுத்த வருஷத்துக்கு வேற ஆளைப் பார்க்கலாம்னு இருக்கோம்” என்று சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்ததும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மச்சினன் போன் செய்தான். “நம்மகிட்ட வந்துடுங்க மாமா. இங்க மூணாவது கியரைத் தாண்ட வேண்டியதில்ல. உங்களுக்கும் அது பழக்கம்தானே?”

அவர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு வருஷமாவது ஜெயிக்கிற வண்டியில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

அப்படி மனசு ஒடிந்து கிடந்தபோதுதான் சாம்பியன் டீம் ஆபீஸிலிருந்து போன் வந்தது. மேனேஜரம்மா பார்க்க வேண்டுமாம். மறுநாள் பதினோரு மணிக்கு வர வேண்டுமாம். அதற்குள் சட்டை அளவைச் சொல்ல வேண்டுமாம்.

“ரேஸ் உடுப்புன்னா பேன்ட் அளவும் கேட்டிருப்பாங்களே?” என்று மனைவி இழுத்தாள்.

“மேல் பாதியை முதல்ல தைப்பாங்க.”

கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே துணியாக வருகிற உடுப்பை இருபது வருஷமாகப் போடுகிறவர் சொன்ன பதில் இது. ஆசை வந்துவிட்டால் மனுஷனுக்கு எதுதான் கண்ணில் படும்?

மறுநாள் பத்தரைக்கே போய் வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜரம்மா தானே கதவைத் திறந்து, எழுந்து நின்றவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

“உங்க பதினெட்டு ரேஸையும் எங்க இன்ஜினியர்ஸ் போட்டுப் பார்த்தாங்க சார்.”

“பதினெட்டுமா?” பார்க்கச் சொன்னால் அவரே மாட்டேன் என்பார்.

“கடைசி ரேஸை நான் மட்டும் நாலு தடவை பார்த்தேன். அரை செகண்டுல ஜெயிச்சு நாங்க சாம்பியன் ஆன ரேஸாச்சே.”

அதில் பெரியப்பா பத்தொன்பதாவது. அதைச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

மேனேஜரம்மா சுவரிலிருந்த பெரிய திரையைக் காட்டினார். கடைசிக்கு முந்தின சுற்று, குறுகலான வளைவு. பெரியப்பாவின் வண்டி உள்ளே நுழைகிறது, பின்னாலேயே சாம்பியன் டீம் வண்டி.

“இங்க ஸ்டியரிங்கைத் திருப்புறீங்க பாருங்க. பதறல, பிரேக்கைப் போட்டு மிதிக்கல. கையில வெண்ணெய் மாதிரி நழுவுது. எங்க பசங்களையெல்லாம் உட்காரவச்சு இதைக் காட்டினேன்.”

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷத்தில் அவர் ஸ்டியரிங் பிடிக்கிற அழகைப் பற்றி ஒருத்தர் வாய் திறந்து பேசியதில்லை.

“வண்டிதான் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார்.

“வண்டியை யார் சார் பார்த்தா? உங்களை அனுப்பப் போறாங்கன்னு காதுல விழுந்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உடனே உங்க முதலாளிகிட்டப் பேசிட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“முதல்ல முரண்டு பிடிச்சார். எங்க பழைய லாரி ஒண்ணைத் தர்றேன்னதும் வழிக்கு வந்துட்டார்.”

தனக்கு ஈடாக ஒரு லாரி. பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவியிடம் சொல்லும்போது அதைப் புது லாரி என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மேனேஜரம்மா ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே சாம்பியன் டீம் முத்திரை போட்ட சட்டை. “எங்க எல்லாரோட அன்பளிப்பு சார், போட்டுப் பாருங்க.” போட்டிருந்த சட்டைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டார். அளவு கச்சிதம். அவருக்கு வாயெல்லாம் பல்.

“அப்போ அடுத்த வருஷம் நான் எந்த வண்டியில உட்காரணும்?” என்று கேட்டுக்கொண்டே சட்டையிலிருந்த முத்திரையைத் தடவினார்.

“அதே வண்டியிலதான் சார். எங்க வண்டி பின்னால வந்தா உங்களை மாதிரி அழகா ஒதுங்கி வழிவிட வேற யார் இருக்கா?”