அழைப்பிதழில் ஒரு பெயர்

ஒரு கணினித் திரையில் கர்சர் என்னும் சிறு கோடும் ஒரு தேடுபொறியும் வசித்தன. எழுத்து விழவேண்டிய இடத்தில் நின்று சிமிட்டுவது கோட்டின் வேலை. எழுதப்படுவதைக் கவனித்து, அதனோடு தொடர்புடைய பழையவற்றைக் கேளாமலே கொண்டுவருவது தேடுபொறியின் வேலை.

அன்று சிதம்பரநாதன் தம் மகளின் திருமண அழைப்பிதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். வீட்டுப் பங்குச் சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பியின் பெயரையும், நெடுநேரம் தயங்கியபின் சேர்த்தார்: "சித்தப்பா கோதண்டபாணி."

உடனே தேடுபொறி பழைய வக்கீல் நோட்டீசையும், தம்பி எழுதிய வசைகளையும் இழுத்துவந்து பக்கத்தில் வைத்தது.

"அடப்பாவி! அவர் அச்சகத்துக்கு அனுப்பும்வரை பொறுக்கக் கூடாதா?" என்று கோடு பதறியது.

"கண் சிமிட்டுவதைத் தவிர உனக்கு என்ன தெரியும்? இவற்றில் ஒன்றேனும் பொய்யா?" என்றது தேடுபொறி.

"பொய்யில்லை. அதனால்தான் அஞ்சுகிறேன்."

சிதம்பரநாதன் எல்லாவற்றையும் படித்தார். பிறகு அவருடைய விரல் அழிப்பு விசையை அழுத்தியது. கோடு பின்னோக்கி நடந்தது. தம்பியின் பெயரை எழுத்தெழுத்தாக அதுவே விழுங்க வேண்டியதாயிற்று.

பெயர் மறைந்ததும் தேடுபொறி அந்த நோட்டீசையும் வசைகளையும் திரையிலிருந்து அகற்றிவிட்டது.

"இனி இவற்றுக்கு இங்கே தொடர்பில்லை" என்றது.